தாத்தாவின் வாட்சும் குருந்தக் கல்லும்

ஞாயிற்றுக்கிழமை சுபாங் ஜெயா எஸ்.எஸ்.15-க்குப் போவதென்றால் காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும். அதற்குமேல் கார் நிறுத்த இடம் கிடைக்காது. இரண்டு சுற்று சுற்றினால் பெட்ரோலும் போகும், பொறுமையும் போகும். அதனால் நான் ரயிலில்தான் போவேன். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வேலை இருந்தால் கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகம் போகும் கொமுட்டரில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். அங்காசாபுரியைத் தாண்டும்போது தன்னிச்சையாகக் கையில் இருக்கும் வாட்சைப் பார்ப்பேன். வானொலிக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. செய்திக்கு இன்னும் எத்தனை வினாடி என்று கணக்குப் போட்டே பழகிய கண்கள்.

சுபாங் ஜெயா நிலையத்தில் எல்.ஆர்.டி.க்கு மாறினால் அடுத்த நிறுத்தமே எஸ்.எஸ்.15. 2016 ஜூன் 30-இல் இந்தப் பாதை புத்ரா ஹைட்ஸ் வரை நீண்ட பிறகு, கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த வட்டாரம் இன்னும் பக்கமாகிவிட்டது. நான் ஊடகப் படிப்பு படித்தபோது எல்.ஆர்.டி. கிடையாது. வேர்க்க வேர்க்க நடைதான். இன்று பபிள் டீ கடைகளும் காப்பிக் கடைகளும் வரிசை பிடித்து நிற்கின்றன. அந்த வரிசையில் ஒரு கடைவீட்டின் படிக்கட்டுக்குக் கீழே, ஒரு மேசை அகலத்தில் இருக்கும் வாட்ச் ரிப்பேர் கடையைத் தேடித்தான் நான் அன்று போனேன். கைப்பையில், கைக்குட்டையில் சுற்றிய தாத்தாவின் வாட்ச் இருந்தது.

பெரட்டு மணியும் கைக்கடிகாரமும்

இன்று அடுக்குமாடிகளாக நிற்கும் இந்த மண் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். சீபீல்டு தோட்டம். 1970களில் வீடமைப்பு தொடங்கி, 1988-இல் சுபாங் பரேட் வந்து, 2020 அக்டோபர் 20-இல் சுபாங் ஜெயா மாநகராகவும் ஆகிவிட்டது. ஆனால் தோட்டத்தின் பெயர் முழுதாக அழியவில்லை. தமிழ்ப்பள்ளியின் பெயரில் இருக்கிறது. யூ.எஸ்.ஜே. 25-இல் உள்ள மாரியம்மன் கோயிலைக் கேட்டால், பெரியவர்கள் இன்றும் ‘சீபீல்டு கோயில்’ என்றுதான் வழி சொல்கிறார்கள்.

என் தாத்தா அங்கே பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் நேரம் என்பது பெரட்டு மணிதான். விடியுமுன்னே மணி அடித்தால் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். நேரத்தைக் கையில் கட்டிக்கொண்டிருந்தவர் கிராணியார். அதனால்தானோ என்னவோ, தாத்தா சீட்டுக் கட்டிக் கிள்ளானில் ஒரு வாட்ச் வாங்கினார். சாவி கொடுக்கும் வாட்ச். மரம் வெட்டப் போகும்போது அதைக் கட்டமாட்டார். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும். 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னுக்குத் தள்ளப்பட்டதே, அன்றைக்குத் தாத்தா லயத்து வாசலில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தார் பார்த்திருக்க, முள்ளை அரை மணி நகர்த்திய கதையை அப்பா இன்னும் சொல்வார்.

தாத்தாவுக்குப் பிறகு அது அப்பாவுக்கு வந்தது. அப்பா பத்து தீகா பக்கத்தில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் அதைத் தினமும் கட்டினார். இப்போது அதன் கண்ணாடி முழுக்கக் கீறல். குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி மங்கிப் போயிருக்கிறது.

அப்பாவின் பிறந்தநாளுக்கு நான் ஒரு புது வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். சஃபையர் கண்ணாடி, கீறலே விழாது என்று கடைக்காரர் சொன்னார். அப்பா இரண்டு நாள் கட்டினார். மூன்றாம் நாள் மறுபடி பழைய வாட்ச். புதியது அலமாரிக்குள் போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சரி, பழைய வாட்சுக்கே சஃபையர் கண்ணாடி போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மூன்று கண்ணாடிகள்

கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டியிருந்தார். “அங்கிள், இதுக்குக் கண்ணாடி மாத்தணும்” என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

“காலைல ரேடியோவுல நேரம் சொல்றது நீங்கதானம்மா? நீங்க சொல்ற நேரத்தை வெச்சுத்தான் நான் இங்க எல்லா வாட்சையும் சரி பண்றேன். தப்பாச் சொல்லிடாதீங்க.”

அவர் மேசை விரிப்பில் மூன்று சின்ன வில்லைகளை எடுத்து வைத்தார். பார்க்க மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. முதலாவது பிளாஸ்டிக், அதாவது அக்ரிலிக். இரண்டாவது மினரல் கண்ணாடி, சன்னல் கண்ணாடியைச் சூட்டில் கெட்டிப்படுத்தியது போன்றது. மூன்றாவது சஃபையர். எதைப் போட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஆனால் மூன்றும் மூன்று சாதி.

ஒரு பொருள் எவ்வளவு கடினம் என்று அளக்க, ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812-இல் ஒரு படிவரிசை செய்தார். எது எதைக் கீறும் என்பதுதான் அதன் அடிப்படை. ஒன்றில் தொடங்கிப் பத்தில் முடியும். பத்து, வைரம். ஒன்பது, சஃபையரும் மாணிக்கமும் சேர்ந்த கல் இனம். ஏழு, குவார்ட்ஸ். இந்த ஏழைத்தான் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். சிமெண்டுச் சுவரிலும் தரையிலும் காற்றில் பறக்கும் தூசியிலும் அது இருக்கிறது. ஏழுக்குக் கீழே உள்ள எதையும் அது கீறிவிடும். மினரல் கண்ணாடி ஐந்தரை, ஆறு என்ற அளவில் நிற்கிறது. அக்ரிலிக் மூன்றைச் சுற்றி. சஃபையர் ஒன்பது. சுவரில் உரசினால் சுவருக்குத்தான் காயம்.

குருந்தம் என்ற நம்ம ஊர்ச் சொல்

சஃபையர் என்றால் நீலக்கல் என்று நகைக்கடையில் சொல்வார்கள். வாட்ச் கண்ணாடி நீலமாக இல்லையே? விஷயம் இதுதான். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து படிகமானால் அது நிறமற்ற தெளிவான கல். அதில் துளி குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கம் ஆகும். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம் ஆகும். எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு அறிவியல் உலகம் வைத்திருக்கும் ஆங்கிலப் பெயர் கொரண்டம். அந்தப் பெயர் தமிழிலிருந்து போனது. நம் ‘குருந்தம்’தான் அங்கே கொரண்டம் ஆனது.

சேலம், நாமக்கல் பக்கத்து மண்ணில் குருந்தக் கல் கிடைக்கும். சாணை பிடிக்கவும் மணிக்கற்களைப் பட்டை தீட்டவும் அதன் தூளைப் பயன்படுத்தினார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரையின் மணி வணிகர் வீதியைச் சொல்லும் இடத்தில், மாணிக்க வகைகளில் ஒன்றாக ‘விந்தம்’ வருகிறது. அது குருவிந்தம். இங்கிலாந்தின் சார்லஸ் கிரெவில் ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி 1798-இல் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை எழுதினார். அதன் பிறகு மேற்கத்திய கனிமவியலில் நம் சொல் நிலைத்துவிட்டது.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அங்கே குருந்தம் பொதிந்திருக்கும் அனார்த்தசைட் என்ற வெண்பாறை, நிலவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. சந்திரயான் தரையிறங்கும் கலத்தைச் சோதிக்க, இஸ்ரோ விஞ்ஞானிகள் அந்தப் பாறையை அரைத்துத்தான் நிலவு மண்ணைப் போலச் செய்தார்கள்.

தோண்டி எடுத்த கல்லிலிருந்து வாட்ச் கண்ணாடி செய்வதில்லை. பிரான்சின் ஆகஸ்ட் வெர்னோய் 1902-இல் ஒரு வழியை உலகுக்குச் சொன்னார். மாவு போன்ற அலுமினாத் தூளை, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எரியும் சுடர் வழியாகத் தூவ வேண்டும். அங்கே வெப்பம் 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல். தூள் உருகிச் சொட்டு சொட்டாகக் கீழே விழுந்து, சில மணி நேரத்தில் ஒரு கல் தண்டாக வளரும். நெய் விளக்கில் திரி கருகிக் கட்டி சேர்வது போல, இங்கே கல் சேர்கிறது. பிறகு அதை வைரம் பதித்த இரம்பத்தால் வில்லையாக அறுத்து, வைரத் தூளால் மெருகேற்றுவார்கள். செலவு கல்லை வளர்ப்பதில் மட்டுமல்ல, இந்த அறுப்பிலும் மெருகிலும் இருக்கிறது. திருச்சியில் குடும்பம் குடும்பமாகச் செயற்கைக் கல் பட்டை தீட்டியவர்களுக்கு இந்த உழைப்பு தெரியும்.

எங்கள் தொழிலுக்கும் இந்தக் கல்லோடு சொந்தம் உண்டு. இசைத்தட்டு ஓடிய காலத்தில் அதன் ஊசிமுனையில் இருந்தது சஃபையர் அல்லது வைரம். ஒலிபரப்பில் கேட்ட பழைய பாடல்கள் பலவும் ஒரு குருந்தத் துளி உரசி வந்தவைதான்.

கீறல் வேறு, உடைசல் வேறு

“அப்ப சஃபையரே போடுங்க அங்கிள்” என்றேன்.

அவர் சிரித்தார். “போட முடியாதும்மா. இந்த வாட்ச் கேஸ் வளையுற கண்ணாடிக்குச் செஞ்சது.”

எப்படி என்று செய்து காட்டினார். அக்ரிலிக் வில்லையை, பல விரல்கள் உள்ள நகம் போன்ற கருவியால் சுற்றிப் பிடித்து அழுத்தினார். வில்லை மேல்நோக்கிக் குவிந்து, விட்டம் கொஞ்சம் சுருங்கியது. அப்படியே கேஸில் வைத்துப் பிடியை விட்டால், விரிந்து தானாக இறுகிக்கொள்ளும். பசை வேண்டாம், வளையம் வேண்டாம். சஃபையர் இப்படி வளையாது. அழுத்தினால் உடைந்துவிடும். அதை வைக்க, கேஸின் விளிம்பே வேறு மாதிரி இருந்து, நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையமும் வேண்டும். தாத்தா வாட்சைக் கடைந்து மாற்றினால் முடியும். ஆனால் அது பிறகு தாத்தா வாட்சாக இருக்காது.

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. கடினமாக இருப்பதும் உடையாமல் இருப்பதும் ஒன்றல்ல. சஃபையர் கீறலைத் தாங்கும், அடியைத் தாங்காது. ஓரத்தில் ஓங்கி அடிபட்டால் சில்லாகத் தெறிக்கும். 1969-இல் நிலவில் இறங்கியபோது பஸ் ஆல்ட்ரின் கட்டியிருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் இருந்தது அக்ரிலிக்தான். விண்கலத்துக்குள் கண்ணாடித் தூள் மிதந்தால் கண்ணிலும் மூச்சிலும் போகும். அக்ரிலிக் அப்படித் தூளாகாது. நம் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு எடுக்கும் ரேடோவோ நேரெதிர் வழியில் வந்தது. 1962-இல் வந்த டயாஸ்டாரில் கெட்டி உலோகமும் சஃபையரும் சேர்ந்து, கீறாத வாட்ச் என்ற பெயரை வாங்கின.

வைரத்தில் கண்ணாடி செய்தால்?

சஃபையரை விட்டால் வேறு கல்லே இல்லையா? இருக்கிறது. அன்று கடையில் உட்கார்ந்து இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஸ்பினல் என்று ஒரு கல். மெக்னீசியமும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. மோஸ் கணக்கில் எட்டு. பிரிட்டிஷ் மகுடத்தில் ‘கறுப்பு இளவரசனின் மாணிக்கம்’ என்று புகழ்பெற்ற சிவப்புக் கல் உண்மையில் மாணிக்கம் அல்ல, ஸ்பினல். இதைத் தூளாக எடுத்து, அச்சில் அழுத்தி, சூட்டில் இறுக்கித் தெளிவான பீங்கான் போலச் செய்யலாம். ஒரே படிகமாக வளர்க்கத் தேவையில்லை. அதனால் வளைந்த வடிவங்கள் செய்வது எளிது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. இதே வழியில் செய்யும் அலுமினியம் ஆக்சிநைட்ரைடு, துப்பாக்கிக் குண்டு துளைக்காத சன்னல்களுக்குப் போகிறது. இரண்டும் நல்ல பொருள்கள்தான். ஆனால் வழக்கமான வாட்ச் கடையில் கேட்டு வாங்க முடியாது.

இன்னொன்று சிர்கோனியா. நகைக்கடையில் ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்பார்களே, அதுதான். எட்டுக்கு மேல் கடினம். மொய்சனைட் ஒன்பதேகால். வைரம் பத்து. வைரத்தில் வாட்ச் கண்ணாடி செய்தால் உலகத்திலேயே சிறந்ததாக இருக்கும் என்று நான் நினைத்தேன். தப்பு.

காரணம் ஒளி. சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பில் படும் ஒளியில் சுமார் 4 விழுக்காடு திரும்பி வரும். அக்ரிலிக்கும் அப்படியே. சஃபையரில் அது கிட்டத்தட்ட 8. சிர்கோனியாவில் 13-க்கு மேல். வைரத்தில் 17. மொய்சனைட்டில் சுமார் 20. கண்ணாடிக்கு மேல், கீழ் என்று இரண்டு பரப்பு உண்டு. ஆக இந்த அளவு ஏறத்தாழ இரட்டிக்கும். மோதிரத்தில் அந்த மினுக்குத்தான் நமக்கு வேண்டும். வாட்சில் அதே மினுக்கு முள்ளை மறைத்துவிடும். வைரக் கண்ணாடிக்குள் மணி பார்ப்பது, வெயிலில் கைப்பேசித் திரையைப் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

சஃபையருக்கு இதற்கு மருந்து உண்டு. ஒளி திரும்பாதபடி மெல்லிய பூச்சு பூசுவார்கள். ஆனால் பூச்சு சஃபையர் அளவுக்குக் கடினம் அல்ல. வெளியே பூசினால் பூச்சில் கீறல் விழும். அதனால் பலர் உள்பக்கம் மட்டும் பூசுகிறார்கள். விலை குறைந்த வாட்சில் பூச்சே இருக்காது.

நான் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தது விலை குறைந்த வாட்ச்.

கைப்பேசிக்கும் சஃபையர் திரை வரும் என்று ஒரு காலத்தில் பேச்சு அடிபட்டது. 2013 நவம்பரில் ஆப்பிள், ஜிடி அட்வான்ஸ்ட் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, அரிசோனாவில் பெரிய ஆலை தொடங்கியது. எதிர்பார்த்த தரத்திலும் அளவிலும் கல் வளரவில்லை. 2014 அக்டோபரில் அந்த நிறுவனம் திவாலுக்கு மனு போட்டது. வாட்ச் அளவுக்கு ஒரு வில்லை வேறு, உள்ளங்கை அளவுக்கு லட்சக்கணக்கில் வேறு.

கிள்ளானில் ஒரு சோதனை

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. நான் கட்டியிருந்த என் சொந்த வாட்ச். ஒரு பேரங்காடியில், ‘சஃபையர்’ என்று பெட்டியில் எழுதி விற்றது. மூன்று மாதத்தில் ஒலிப்பதிவு அறைக் கதவோரச் சுவரில் உரசிக் கோடு விழுந்துவிட்டது. கடைக்காரர் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, “இது சஃபையர் இல்லம்மா” என்றார். ஒரு துளித் தண்ணீர் விட்டுக் காட்டினார். என் கண்ணாடியில் துளி பரவிவிட்டது. சஃபையர் வில்லையில் உருண்டையாக நின்றது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள் என்றார். சஃபையர் சில்லென்று இருந்தது. வெப்பத்தை அது வேகமாக இழுத்துக்கொள்ளும். மேலே பூச்சு இருந்தால் தண்ணீர்ச் சோதனை ஏமாற்றும் என்பதையும் அவரே சொன்னார்.

அன்று மாலை அப்பாவைப் பார்க்கக் கிள்ளானுக்குப் போனேன். ஜாலான் துங்கு கிளானாவில் தெரிந்த நகைக்கடையில், வைரத்தைச் சோதிக்கும் பேனா இருக்கிறது. அதுவும் வெப்பத்தைத்தான் பார்க்கும். அலமாரியில் கிடந்த அப்பாவின் புது வாட்சை எடுத்துப்போய் முனையை வைத்தார்கள். விளக்குகள் கொஞ்சம் ஏறி நின்றன. குருந்தம். என் வாட்சில் வைத்தார்கள். ஒன்றும் அசையவில்லை. வெறும் கண்ணாடி. வாங்கும் முன் இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்திருந்தால் என் காசு மிஞ்சியிருக்கும். நீங்களாவது கேளுங்கள். எந்தப் பக்கம் பூச்சு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பெட்டியை மூடிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் நேராகவே கேட்டேன். “ஏம்ப்பா, இந்தப் புது வாட்ச் பிடிக்கலையா?”

“பிடிக்காம என்னம்மா, நீ வாங்கிக் குடுத்தது. ஆனா லைட்டுக்குக் கீழ பாத்தா என் மூஞ்சிதான் தெரியுது. மணி தெரியல.”

வருத்தப்படுவேன் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லையாம். அப்பாவுக்கு இப்போது கண்பார்வை மங்கல். எனக்குத் தெரியும். ஆனால் கீறாத கல்லைத் தேடிப் போனபோது, பார்க்கப் போகிற கண்ணை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

கைப்பையிலிருந்து தாத்தாவின் வாட்சை எடுத்துக் கொடுத்தேன். கடைக்காரர் பழைய வில்லையை எடுத்துவிட்டு, அதே குவிந்த வடிவத்தில் புது அக்ரிலிக் போட்டிருந்தார். கூலியோடு இருபத்தைந்து ரிங்கிட். பழைய வில்லையையும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார். “வீசாதீங்க, பற்பசை வெச்சுத் துணியால தேய்ச்சா இதுவே பாதி தெளிஞ்சிடும்” என்று சொல்லி அனுப்பினார். சஃபையரில் கீறல் விழாது, விழுந்தால் வைரத் தூள் வேண்டும். அக்ரிலிக்கில் தினமும் விழும், சமையலறையிலேயே போக்கிவிடலாம்.

அப்பா வாட்சை விளக்குக்குக் கீழே பிடித்தார். கண்ணாடி போடாமலே பார்த்தார்.

“ஏழு நாப்பது” என்றார்.

என் கைப்பேசியைப் பார்த்தேன். ஏழு நாற்பத்தி மூன்று. மூன்று நிமிடம் பின்தங்கல். அப்பா சாவியை இழுத்து முள்ளை நகர்த்தப் போனார், பிறகு நிறுத்திவிட்டுச் சொன்னார்:

“வேணாம். காலைல நீ ரேடியோவுல சொல்லுவியே, அப்ப வெச்சுக்கறேன்.”